புத்தகப் பரிந்துரையும் பாட்டுத் தொகுப்பும்: முதல்முறை கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படித்த புத்தகத்தை ஒருவருக்கு எடுத்துச் சொல்வதும், அந்தப் புத்தகத்தோடு ஒத்துப்போகும் பத்துப் பதினைந்து பாட்டுகளைக் கோத்துக் கொடுப்பதும் கேட்க எளிதாகத்தான் இருக்கும். நான் தொடங்கியபோது படிப்படியாகச் சொல்லித்தர ஆள் இல்லை. அனுப்பிய கோப்பு எதிராளியிடம் திறக்காது. இணைப்பைத் தொட்டால் பாதிப் பாட்டுகள் மங்கிக் கிடக்கும். புத்தகத்தை வாங்கப் போனவர் வேறொரு மொழிபெயர்ப்போடு திரும்புவார். இதில் எதுவும் ரசனை சம்பந்தப்பட்டதல்ல. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சில்லறைத் தொல்லைகள். அவை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு புத்தகக் குறிப்பு எழுத ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓடும் பாட்டுத் தொகுப்புக்கு இரண்டு மூன்று மாலைகள் வேண்டும். பிறந்தநாள், பிரிவுபசாரம் என்று தேதி வைத்துக் கொடுப்பதானால் இரண்டு வாரம் முன்பே கையை வையுங்கள்.

1. ஆளை முடிவு செய்யுங்கள், அப்புறம் கருவை

‘எல்லாருக்கும் பிடிக்கும்’ என்று நினைத்துச் செய்யும் பட்டியல் பெரும்பாலும் யாரையும் தொடாது. ஐம்பது பேருக்கு அனுப்பப்போவதாக இருந்தாலும், செய்யும்போது ஒரே ஒருவரை மனதில் வைத்துச் செய்யுங்கள். அவருக்கு எது புதிது, எது ஏற்கெனவே தெரியும், எதைக் கேட்டால் சிரிப்பார் என்று யோசிக்கும்போதே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அவரிடம் சாதாரணமாகப் பேசும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சுப் புத்தகம் படிக்கிறாரா, போனில் படிக்கிறாரா, ஒலிப்புத்தகம் கேட்கிறாரா? பாட்டைக் காரில் கேட்கிறாரா, ஹெட்போனிலா, போன் ஸ்பீக்கரிலா? சிடி பிளேயரோ கேசட் டெக்கோ ஓடும் நிலையில் இருக்கிறதா? இதைக் கேட்காமல் அழகான சிடி ஒன்றைத் தயார் செய்துவிட்டு, அவரிடம் சிடி போடும் கருவியே இல்லை என்று கடைசி நாளில் தெரிந்துகொள்வது வீண் வேலை.

அடுத்து கரு. ‘காதல்’, ‘மழை’, ‘சோகம்’ போன்றவை கருவுக்குப் பெரிதாகிவிடும். எந்தப் பாட்டும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பாட்டை ‘நீ இதில் வேண்டாம்’ என்று விலக்க உதவுவதே கரு. ‘இரவில் விழித்திருந்து வேலை பார்ப்பவர்கள்’ என்று வைத்துப் பாருங்கள். தாலாட்டு வெளியே போய்விடும், துள்ளல் பாட்டுகளில் முக்கால்வாசி போய்விடும், மிச்சமிருப்பவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். புத்தகத்தையும் இதே கருவிலிருந்து எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பரிசாகிவிடும்.

2. முதல் ஆவணம்: ஒரு பதிவேடு

நோட்டுப் புத்தகமோ கணினியில் ஒரு விரிதாளோ, ஏதோ ஒன்று. வேலையைத் தொடங்கும் அன்றே திறந்துவிடுங்கள். முடித்த பிறகு உட்கார்ந்து நிரப்புவது நடக்கவே நடக்காது.

புத்தகத்துக்கு: தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கங்கள், ஐஎஸ்பிஎன். பாட்டுக்கு: தலைப்பு, பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், எந்த ஆல்பம், ஆண்டு, நிமிடம்-விநாடிக் கணக்கில் நீளம், எங்கிருந்து பெற்றீர்கள்.

கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டா, உங்களிடமிருக்கும் சிடியிலிருந்து எடுத்ததா, இலவச உரிமத்தில் கிடைத்ததா என்பதை அங்கேயே குறித்துவையுங்கள். வாங்கியதானால் ரசீது மின்னஞ்சலையும் ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். எட்டாவது படியில் இது இல்லாமல் நகர முடியாது.

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தின் பின்னட்டையில் பட்டைக்கோட்டோடு இருக்கும் எண். 2007 ஜனவரியிலிருந்து 13 இலக்கம், தொடக்கம் 978 அல்லது 979. அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம் இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும், ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும், கெட்டி அட்டைக்கும் மெல்லிய அட்டைக்கும்கூட எண் வேறு. நீங்கள் படித்த அதே மொழிபெயர்ப்பைத்தான் அவரும் படிக்க வேண்டும் என்றால் தலைப்பு மட்டும் போதாது, இந்த எண்ணையும் கொடுங்கள்.

3. புத்தகக் குறிப்பை எழுதுதல்

முழுதாகப் படித்து முடித்த புத்தகத்தை மட்டுமே பரிந்துரையுங்கள். ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்துப் புத்தகங்களின் பட்டியல் வந்தால், அதைப் பெற்றவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மூடிவைத்துவிடுவார். ஒன்று மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது; அதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

பின்னட்டைக் கதைச்சுருக்கத்தை எடுத்து எழுதுவதில் பயனில்லை, அது அவருக்கே கிடைக்கும். உங்களிடமிருந்து மட்டுமே கிடைக்கக்கூடியவை இவை: ஏன் இவருக்கு இந்தப் புத்தகம், எங்கே இழுவையாக நகரும், எங்கிருந்து பிடித்துக்கொள்ளும், எது அவரைச் சங்கடப்படுத்தலாம். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைப் பற்றிக் கற்பனையாக ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கலாம்:

‘280 பக்கம், ஒரு வாரத்தில் முடிக்கலாம். முதல் 60 பக்கம் மெதுவாக நகரும். அங்கே வருகிற வானிலைக் குறிப்புகளைத் தாவினாலும் கதை விட்டுப்போகாது. தம்பியிடமிருந்து கடிதம் வரும் இடத்திலிருந்து கீழே வைக்க மனம் வராது. இரவுப் பணியில் மூன்று மணிக்கு மேல் நேரம் நகர்வதே இல்லை என்று நீ சொன்னாயே, இவரும் அதையேதான் வேறு மாதிரி சொல்கிறார். நடுவில் ஒரு குழந்தையின் மரணம் வருகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் கிடைக்கிறது, வாங்க வேண்டாம்.’

இவ்வளவுதான். முடிவைச் சொல்லவில்லை, ‘அற்புதம்’ என்ற சொல்லும் இல்லை, ஐந்து நட்சத்திரமும் இல்லை. ஆனாலும் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய எல்லாம் இருக்கின்றன. இழுவையான இடத்தை மறைக்காதீர்கள். அறுபதாவது பக்கத்தில் சலித்துப்போய் விட்டுவிட இருந்தவர், ‘இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லியிருக்கிறாரே’ என்று தொடர்வது அந்த ஒரு வரியால்தான்.

அனுப்புமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: புத்தகம் இப்போது கிடைக்கிறதா? அச்சில் இல்லாத புத்தகத்தைப் புகழ்ந்துவிட்டுத் தேட விடுவது பாவம். அப்படிப்பட்டதானால் உங்கள் பிரதியையே இரவல் கொடுங்கள். உள்ளட்டையில் பென்சிலால் பெயரையும் கொடுத்த தேதியையும் எழுதிவையுங்கள். இரவல் கொடுக்கலாம் என்று நினைத்து மின்னூலை வாங்காதீர்கள். கடைகளில் விற்கும் மின்னூல்களில் பலவற்றுக்குப் பூட்டு உண்டு, வாங்கியவரின் கணக்கைத் தாண்டி அவை நகராது. உரிமைக்காலம் முடிந்த பழைய நூல் என்றால் புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கலாம். அதே மாதிரி நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிவடிவம் லிப்ரிவாக்ஸில் இருக்கும். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பவர்களுக்கு அந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

4. பாட்டுகளைத் திரட்டுதல்: காசு போகும் இடம்

புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். மாதச் சந்தா கட்டும் செயலியில் ‘பதிவிறக்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதைத் தட்டினால் வருவது பூட்டிய கோப்பு. அந்தச் செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும், சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். வெட்டி ஒட்ட அதை எந்த மென்பொருளும் திறக்காது. ஆகவே சந்தா இருப்பதால் செலவு முடிந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

பிளேலிஸ்டாக மட்டும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சந்தாவே போதும், சிலசமயம் இலவசக் கணக்கே போதும். கோப்பாகவோ சிடியாகவோ கொடுப்பதானால் பாட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு உங்களிடமுள்ள சிடியிலிருந்து எடுக்கலாம், பேண்ட்கேம்ப் போன்ற இடங்களில் கலைஞரிடமிருந்தே வாங்கலாம், அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (கலைஞரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதிக்கும் இலவச உரிமம்) வெளியானவற்றைத் தேடலாம்.

எடுக்கும்போது வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தில் எடுங்கள். எம்பி3 கோப்பை வெட்டி ஒட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு தடவையும் ஒலித்தரம் கொஞ்சம் தேயும், முதலில் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசையில்தான் அது காதுக்குத் தெரியும். வேவ் இடத்தை அடைக்கும், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃபிளாக் ஏறத்தாழ அதில் பாதி, தரம் குறையாது.

5. வரிசை

இதை அவசரப்படுத்த முடியாது, இரண்டு வாரம் என்று சொன்னது இதற்காகத்தான். முப்பது பாட்டில் தொடங்கி, கரு விலக்குவதையெல்லாம் விலக்கி, பன்னிரண்டுக்குக் கொண்டு வாருங்கள். ஐம்பது அறுபது நிமிடத்துக்கு மேல் போனால் ஒரே மூச்சில் கேட்பவர் குறைவு.

முதல் பாட்டு கதவைத் திறக்க வேண்டும்; உங்களுக்கு மிகப் பிடித்ததை அங்கே வைத்துவிட்டால் மற்றவை இறக்கம்போலத் தோன்றும். அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள். பாதிக்குச் சற்று மேல், ஏழாவது எட்டாவது இடத்தில் காது களைக்கும். அங்கே குரலில்லாத இசை ஒன்றையோ, இதுவரை வராத வாத்தியம் உள்ள ஒன்றையோ போடுங்கள். ஒரே பாடகரின் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்தால் தொகுப்பு ஆல்பமாகிவிடும்.

இரவுப் பணி என்ற கருவையே வைத்துச் சொல்கிறேன். பத்து மணி போல ஒரு நிதானமான பாட்டில் தொடங்கி, நள்ளிரவில் கொஞ்சம் வேகம் பிடித்து, மூன்று மணிக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத, ஒற்றை வாத்தியம் மட்டும் கேட்கும் ஒன்றை வைத்தால், கேட்பவருக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம், நேரம் தானாகப் புரியும். கடைசிப் பாட்டு விடியலாக இருக்கலாம், வீடு திரும்பும் நடையாகவும் இருக்கலாம். கதைக்கு ஒரு நேரக்கோடு இருப்பதுபோல வரிசைக்கும் ஒன்று இருந்தால் எந்தப் பாட்டு எங்கே என்ற குழப்பம் பாதியாகக் குறையும்.

வரிசை போட்ட பிறகு எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க நேரமிருக்காது. இணைப்புகளை மட்டும் கேளுங்கள்: ஒரு பாட்டின் கடைசி இருபது விநாடி, அடுத்ததன் முதல் இருபது விநாடி. பன்னிரண்டு பாட்டுக்குப் பதினோரு இணைப்பு, எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கே முகம் சுளிக்கிறதோ அங்கே இடம் மாற்றுங்கள். அப்புறம் இரண்டு நாள் தொடாமல் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகு ஏதாவது ஒரு பாட்டு நிச்சயம் வெளியே போகும்.

6. ஒட்டுதல்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும், இதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். செய்ய வேண்டியவை இரண்டுதான்.

ஒன்று, ஒலி அளவைச் சமன் செய்வது. நாற்பது வருடத்துக்கு முந்தைய பதிவு மெலிதாக இருக்கும், சமீபத்தியது காதைப் பிளக்கும். கேட்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழைத் திருகிக்கொண்டிருந்தால் தொகுப்பு கெட்டது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ என்ற விளைவில் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு, எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) என்று கொடுங்கள். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14-ஐப் பயன்படுத்துகிறது. ஆனால் பழைய பதிவுகளை அந்த அளவுக்குத் தூக்கினால் உச்சிகள் வெட்டுப்படும். அலை வரைபடம் மேல்கீழ் விளிம்பைத் தொட்டால் எல்லாப் பாட்டுகளையும் இன்னும் இரண்டு டெசிபல் இறக்குங்கள்.

இரண்டு, இணைப்பு. ஒரு பாட்டு தேய்ந்து மறையும்போது அடுத்ததை இரண்டிலிருந்து நான்கு விநாடி அதன்மேல் படியவிடலாம். எல்லா இணைப்பிலும் இதைச் செய்யாதீர்கள். சில பாட்டுகள் திடமாக முடியும், அவற்றுக்குப் பின் ஒரு விநாடி மௌனம்தான் சரி.

வேலையைச் சேமிப்பதும் ஏற்றுமதி செய்வதும் வேறு வேறு. சேமித்தால் வரும் ஏயுபி3 கோப்பு ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். அதை நண்பருக்கு அனுப்பினால் அவர் விழிப்பார். ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எம்பி3 ஆகவோ ஃபிளாக் ஆகவோ எடுத்த பிறகே அனுப்புங்கள். திட்டக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், திருத்தம் வரும்.

7. எந்த வடிவில் கொடுப்பது

*பிளேலிஸ்ட் இணைப்பு (லிங்க்).* செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் பிளேலிஸ்ட் ‘தனிப்பட்டது’ என்று இருக்கிறதா என்று வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். சில பாட்டுகள் அவர் இருக்கும் நாட்டில் கிடைக்காது. சில செயலிகளின் இலவசக் கணக்கில் வரிசை கலைந்தே ஒலிக்கும், நீங்கள் பாடுபட்ட ஐந்தாவது படி வீணாகும்.

*கோப்பு.* 320 கிலோபிட் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. ஜிமெயிலில் கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் கோப்புக்கு வரம்பு 25 எம்பிதான், ஆகவே மின்னஞ்சலில் ஏற்ற முயலாதீர்கள். மேகச் சேமிப்பில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். ‘இணைப்பு உள்ளவர் பார்க்கலாம்’ என்ற அனுமதியை மறக்காதீர்கள். தனித்தனிப் பாட்டுகளாகக் கொடுத்தால் கோப்புப் பெயரை 01, 02 என்று தொடங்குங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பழைய கார் ஸ்டீரியோக்கள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும், அவற்றுக்கு மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பென்டிரைவில் கொடுப்பதானால் அதை ஃபேட்32 (FAT32) என்ற வடிவில் ஃபார்மேட் செய்து கொடுங்கள், மற்ற வடிவங்களைப் பழைய கருவிகள் படிக்காமல் போகலாம்.

*சிடி.* 80 நிமிடம் வரை கொள்ளும், 76-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். எரிக்கும்போது ‘டேட்டா’ என்பதை விட்டு ‘ஆடியோ சிடி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பழைய பிளேயரில் ஓடாது. பாட்டுகளுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி தானாகச் சேரும், ஒட்டி வைத்திருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள். கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்யுங்கள், அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி சிடியை முடித்துவையுங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுழலும்போது ஆடும், உரிந்தும் வரும். சிடிக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதினால் போதும்.

*கேசட்.* சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. சி-120 வேண்டாம், நாடா மெலிது, சிக்கிக்கொள்ளும். பதிவு ஓடும் நேரத்திலேயே நடக்கும், அதாவது ஒரு மணி நேரத் தொகுப்புக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் சில விநாடிகளுக்குப் பதியாத வெற்று நாடா இருக்கும். அதைத் தாண்டவிட்டுப் பதிவை அழுத்துங்கள், இல்லாவிட்டால் முதல் வரி காணாமல் போகும். முடிந்ததும் மேலே உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிய முடியாது.

8. உரிமை

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: பாட்டை எழுதி இசையமைத்தவருடையது ஒன்று, அந்த ஒலிப்பதிவை உருவாக்கியவருடையது இன்னொன்று. இருநூறு வருடத்துக்கு முந்தைய இசை யாருடைய சொத்தும் இல்லை என்பது சரி, ஆனால் அதை ஒரு குழு போன வருடம் வாசித்துப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு அவர்களுடையது. காசு கொடுத்து வாங்கியதால் ஊருக்கே விநியோகிக்கும் உரிமை வந்துவிடாது. ‘முப்பது விநாடிக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை’ என்று ஒரு பேச்சு உண்டு, அதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. வீட்டுக்குள் ஒருவருக்காகச் செய்யும் பிரதியைப் பற்றி ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது, உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

பலருக்குப் போகப்போகிறது என்றால் எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழிகள் இவை. பிளேலிஸ்ட் இணைப்பாகவே கொடுங்கள். அல்லது மிக்ஸ்களுக்கென்றே உரிமம் பெற்று நடக்கும் மிக்ஸ்கிளவுட் போன்ற இடத்தில் ஏற்றுங்கள். அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டுகளாலேயே தொகுப்பைக் கட்டுங்கள். அப்போது தலைப்பு, கலைஞர், எடுத்த இடம், உரிமத்தின் பெயர் நான்கையும் குறிப்பிட வேண்டும். பதிவேட்டில் ‘எங்கிருந்து பெற்றது’ என்று எழுதிவைத்தது இப்போது கைகொடுக்கும். உரிமத்தில் ‘மாற்றம் கூடாது’ என்று இருந்தால் அந்தப் பாட்டை வெட்டாமல், வேறொன்றோடு கலக்காமல், முழுதாக வையுங்கள்.

புத்தகத்துக்கும் இது பொருந்தும். ஒரு பத்தியை மேற்கோள் காட்டலாம், முழு நூலின் பிடிஎஃப்பை அனுப்பாதீர்கள்.

9. கூட வைக்கும் தாள்

இதை விட்டுவிட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். பிளேலிஸ்டிலிருந்து பாட்டுகள் மறையும், செயலிகள் மூடப்படும், சிடி கீறும். பாட்டின் பெயர், பாடியவர், ஆண்டு எழுதிய ஒரு தாள் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தேடி எடுத்துவிடலாம். ஒரே கோப்பாக ஒட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு பாட்டும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். நான்கைந்து பாட்டுகளுக்கு ஒரு வரி போதும்: ‘இதில் இரண்டாவது சரணத்தில் பின்னால் வரும் வயலினைக் கேள்’ என்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதினால் அவர் தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

தாளின் மறுபக்கத்தில் புத்தகக் குறிப்பு. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் அதையே புத்தகத்துக்குள் அடையாளத் தாளாக வைத்துக்கொள்வார்.

க்யூஆர் கோடு அச்சடிப்பதானால் கவனம். சில இலவசத் தளங்கள் தரும் கோடு உங்கள் இணைப்புக்கு நேராகப் போகாது, அவர்கள் முகவரி வழியாகச் சுற்றிப் போகும். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும், கட்டாவிட்டால் செத்துவிடும். ‘ஸ்டாட்டிக்’ வகையைக் கேட்டு வாங்குங்கள், அதில் முகவரியே கட்டங்களுக்குள் பதிந்திருப்பதால் காலாவதி ஆகாது. அச்சடித்த பிறகு வேறொருவர் போனில் ஒரு தடவை ஸ்கேன் செய்து பாருங்கள்.

10. கொடுப்பதற்கு முன்பும் பின்பும்

முந்தைய நாள், தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை ஒரே தடவையில், அவர் கேட்கப்போகும் மாதிரிக் கருவியிலேயே கேளுங்கள். ஒரு மணி நேரம் போகும், குறைக்க வழியில்லை. ஹெட்போனில் இனிமையாக இருந்த மெல்லிய தொடக்கம் கார் இரைச்சலில் கேட்காமலே போகலாம், அது அங்கே வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

பாட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், புத்தகத்துக்கு வாரக்கணக்கு ஆகும். ஆகவே தொகுப்பைப் பற்றி நான்கைந்து நாளில் பேசலாம், புத்தகத்தைப் பற்றி ஒரு மாதம் வரை வாயைத் திறக்காதீர்கள். கேட்கும்போதும் ‘பிடித்ததா?’ என்று கேட்டால் ‘ம், பிடித்தது’ என்பதற்கு மேல் வராது. ‘எந்தப் பாட்டைத் தாண்டிப் போனாய்?’, ‘எந்தப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாய்?’ என்று கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதிவையுங்கள். அடுத்ததை அங்கிருந்து தொடங்கலாம்.